கங்கைகொண்ட சோழபுரமும் கடல் வாணிகமும்

ஒரு நாட்டின் பழம்பெருமையை ஆராய்ந்தறிய விரும்புவார்க்குத் துணைபுரிவன இரண்டு. ஒன்று, அந்நாட்டரசர் வீற்றிருந்த தலைநகர். மற்றொன்று, அந்நாட்டு மக்கள் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த வாணிகம். முன்னையது அரசன் ஒருவனது ஆணையால் விரைந்தெழுவது. அவன் மரபு மாய்ந்தவழித் தானும் மாய்வது. பின்னையது, பலர் கூடி ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி நடத்தலால் மெல்ல வளர்வது. அரசு மாறினும் எளிதில் அழியாதது. இவ்வுண்மைக்குச் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய கங்கைகொண்ட சோழபுரமும், அக்காலத்துக் கடல் வாணிகமும் சிறந்த சான்றுகளாம்.

சோழர் எக்குலத்திற் பிறந்தார் என்னும் வழக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவருகின்றது. குலந்தோறும் வெளிவரும் ஏடுகளில் அப்பேரரசரைத் தத்தம் முன்னோரென எழுதி மகிழ்தல் நம் அன்பர்கள் அறியாததன்று. அவ்வழக்கினுள் யாம் ஈண்டுப் புகுகின்றிலேம். நகரை எழுப்பியவர் இன்னாரெனக் கூறி அமைதலினும், அந்நகர்க்குச் செல்வம் வந்த வழி யாது, அவ்வழியைக் காத்தவர் யாவர், அவரைப்பற்றி ஆயிரம் ஆண்டு கழிந்தும் நாம் அறிதற்குக் காரணமாய் நிற்பது யாது என வினாவுதல் பெரிதும் பயனுடைத்தாம். இவ்வினாக்கட்கு விடை தேடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விசயாலய சோழன் கி.பி. 850-ஐ ஒட்டித் தஞ்சையைக் கைக்கொண்டான். அதுமுதல் சோழர்க்கு அந்நகரே தலைமையிடமாயிற்று. கி.பி. 985-இல் அரசெய்திய முதலாம் இராசராசன் 1010-இல் ஆங்குப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தான். இத்துணைச் சிறப்பு வாய்ந்த நகரை விடுத்து, அவன் மைந்தன் முதலாம் இராசேந்திரன் கொள்ளிடத்திற்கு வடக்கே புதியதொரு நகரைப் படைத்தான். அவன் படைகள் 1022, 1023-ஆம் ஆண்டுகளை ஒட்டி வடநாடு சென்று கங்கைநீர் கொண்டு மீண்டமையின், அவ்வெற்றிக்கு அடையாளமாக நகரும் கங்கைகொண்ட சோழபுரம் எனப் பெயர் பெற்றது. தஞ்சை காவிரிப் படுகையின் உட்புறத்தே அமைந்தது. புதுநகரோ ஆற்றைக் கடந்து, வடக்கே தொண்டை நாட்டிற்கும் வேங்கி நாட்டிற்கும் செல்லும் படைவழிகளை நோக்கி நின்றது. மேலைச் சளுக்கியரோடு இடையறாது பொருத சோழர்க்கு இவ்விடம் ஏற்றதாயிருந்தது.

புதுநகரின் மேல்புறத்தே சோழகங்கம் என்னும் பேரேரி வெட்டப்பட்டது. பிறவரசர் வெற்றித்தூணைக் கல்லால் நாட்டுவர். இவனோ நீரால் நாட்டினான் என்னுங் கருத்துப்படத் திருவாலங்காட்டுச் செப்பேடு இவ்வேரியைப் புகழ்கின்றது. வெற்றியின் அடையாளம் உழவர் வயலுக்கு நீராகப் பாய்ந்தது என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது. இந்நாளில் அது பொன்னேரி என வழங்கும். நகரின் நடுவே எழுந்த சிவன்கோயிலின் விமானம் 53 மீட்டர் உயரமுடையது. தஞ்சை விமானத்தினும் தாழ்ந்ததாயினும், நேராக ஏறிச்செல்லாது மெல்ல வளைந்து குவியும் அதன் அழகு தனித்ததொன்று. 2004-ஆம் ஆண்டில் இக்கோயில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

கோயில் நின்றது; நகர் நின்றிலது. ஆயினும், நகரின் உறுப்புக்கள் ஊர்ப்பெயர்களாய் இன்றும் உயிர்வாழ்கின்றன. அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு. கோட்டையின் உட்புறம் உட்கோட்டை. படைக்கலம் வைத்த இடம் ஆயுதக்களம். அரசனது மெய்க்காவலர் குடியிருப்பு மெய்க்காவல்புத்தூர். நீற்றறை இருந்த இடம் சுண்ணாம்புக்குழி. ஏர் உழும் எளிய குடியானவன் தன் ஊர்ப்பெயரைச் சொல்லுந்தோறும், தன்னை அறியாமலே சோழன் தலைநகரின் ஒரு பகுதியைச் சொல்லுகின்றான். மாளிகைமேட்டில் 1980-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் பலமுறை அகழ்ந்தபொழுது, அரண்மனையின் செங்கற் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பாணிகளும் வெளிப்பட்டன. அவற்றோடு சீன நாட்டுப் பீங்கான் ஓட்டுத் துண்டுகளும் கிடைத்தன. ஓடு சிறிது, ஆயினும் அது கூறுஞ் செய்தி பெரிது. கடலினின்று பல காதம் உள்ளே அமைந்த இந்நகர்க்குக் கீழ்கடலின் மறுகரைப் பொருள் வந்தடைந்தது என்பதன்றோ அதன் பொருள்?

இனி, அப்பொருள் வந்த வழியைக் காண்பாம். சோழநாட்டுத் துறைகளுள் அக்காலத்துத் தலைசிறந்தது நாகப்பட்டினம். தென்மேற்குக் காற்று வீசுங் காலத்து மரக்கலங்கள் பாய்விரித்துக் கிழக்கே செல்லும். வடகிழக்குக் காற்றுத் தொடங்கியபின் அக்காற்றின் துணையால் மேற்கே மீளும். இடைப்பட்ட திங்கள்களில் வணிகர் வேற்றுநாட்டுத் துறையிலே தங்கியாக வேண்டும். தங்குமிடத்தே உறையுளும், நீரும், வழிபாட்டிடமும், பொருட்குக் காவலும் வேண்டுமன்றோ? எனவே, கடல் வாணிகம் என்பது கலம் செலுத்துதல் மட்டுமன்று. அயலாரைத் தம் கரையில் வாழவிடுதலும், அயலார் கரையில் தாம் வாழக் கற்றலும் ஆம்.

இதற்கு நாகையில் எழுந்த சூடாமணி விகாரம் நல்லதோர் எடுத்துக்காட்டு. சுமத்திராத் தீவைத் தலைமையிடமாகக் கொண்டு கடல்வழியாண்ட ஸ்ரீவிசய நாட்டு மன்னன் ஸ்ரீமாரவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் இப்பௌத்தப் பள்ளியை எடுப்பித்தான். சிவபாதசேகரன் எனச் சிறப்புப்பெயர் பூண்ட இராசராசன், தனது 21-ஆம் ஆட்சியாண்டில், அப்பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். தந்தை இட்ட ஆணை காலத்தால் மறையாதிருக்க, மைந்தன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் பொறிப்பித்தான். 21 ஏடுகள் கொண்ட அச்சாசனம், பிற்காலத்து ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தமையின் லெய்டன் செப்பேடு எனப் பெயர்பெற்றது. நாகையில் 1856-ஆம் ஆண்டு முதலாக நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகள் மண்ணினின்று வெளிப்பட்டன. சமயம் வேறாயினும் வணிகர்க்கு இடந்தருதல் அரசறம் எனக் கருதிய காலம் அது.

ஆயினும், அவ்வுறவு என்றும் ஒருபடித்தாய் நின்றதன்று. கி.பி. 1025-ஐ ஒட்டி இராசேந்திரன் அலைகடல் நடுவிற் பல கலம் செலுத்தி ஸ்ரீவிசயத்தைத் தாக்கினான். அவன் மெய்க்கீர்த்தி, ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலிய இடங்களை நிரல்படக் கூறும். கடாரம் இந்நாளைய மலேசியாவிலுள்ள கெடா என்றும், மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவுகள் என்றும் அறிஞர் துணிந்துள்ளனர். ஸ்ரீவிசய மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். அவன் கருவூலமும் கைக்கொள்ளப்பட்டது. சீனம் செல்லும் கடலிடைக்கழியை அவ்வரசர் தம் கைப்படுத்தி வணிகரை இடர்ப்படுத்தினமையே போர்க்குக் காரணம் என்பர் ஒரு சாரார். பொருள் வேட்கையே காரணம் என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், அப்போர் வெற்றியை நாம் பாராட்டுங்கால், தாக்குண்ட துறைகளிலும் வணிகரும் மகளிரும் மக்களும் வாழ்ந்தனர் என்பதை மறத்தலாகாது.

ஈண்டு உற்றுநோக்கத் தக்கது யாதெனில், போரால் நிலம் சோழர் கையில் நெடிது நிற்கவில்லை. வாணிகமோ தொடர்ந்து நின்றது. கி.பி. 1090-இல் முதற் குலோத்துங்கன் காலத்துப் பொறிக்கப்பட்ட சிறிய லெய்டன் செப்பேடு, கடாரத்தரசன் தூதுவர் வந்து வேண்ட, நாகைப் பள்ளிகட்குரிய ஊர்கள் வரியினின்று விலக்கப்பட்டமையைக் கூறுகின்றது. அறுபத்தைந்தாண்டுகட்கு முன்னர்ப் படை சென்ற அதே கடாரத்தினின்று தூது வந்தது, வேண்டியது கிடைத்தது. அக்குலோத்துங்கனே சுங்கம் தவிர்த்த சோழன் எனப் புகழப்பட்டவன். சீன நாட்டுச் சுங் அரசவைக்கும் சோழர் தூது 1015, 1033, 1077-ஆம் ஆண்டுகளிற் சென்றடைந்தமையைச் சீனர் வரலாற்றேடுகள் குறித்துவைத்துள்ளன. முதல் தூதுக்குழு சென்றுசேர ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. இறுதியிற் சென்ற குழுவில் 72 பேர் இருந்தனர். முத்தும் யானைக்கொம்பும் நறும்புகைப் பொருளும் இங்கிருந்து காணிக்கையாகச் சென்றன.

அரசர் செயல் இவ்வளவில் நிற்க. வணிகர் செயலுக்கு வருவாம். கடல்கடந்து சென்ற வணிகர் தனித்தனியே சென்றாரல்லர். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனப் பெயர்பெற்ற சங்கங்களாகக் கூடியே சென்றனர். இவற்றுள் ஐந்நூற்றுவர் கன்னட நாட்டு ஐஹொளெ என்னும் ஊரைத் தம் மூலவிடமாகக் கொண்டவர். தமிழ்க் கல்வெட்டுக்கள் அதனை ஐயப்பொழில் என்னும். அவர்தம் சாசனங்கள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கிடைக்கின்றன. நானாதேசிகள், வளஞ்சியர், செட்டிகள், கவறைகள் எனப் பல திறத்தார் அச்சங்கத்துட் குழுமினர். சரக்கைக் காக்கும் எறிவீரரும் முனைவீரரும் அவருடன் இருந்தனர். ஒரு மொழியார், ஒரு நாட்டார், ஒரு குலத்தார் மட்டும் கூடிய கூட்டம் அஃதன்று என்பது தெளிவு.

கி.பி. 849-இல் எழுந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டைக் காண்மின்! சேரநாட்டுக் கிறித்தவப் பள்ளியொன்றற்கு உரிமை வழங்கும் அவ்வேட்டில், மணிக்கிராமத்தாரும் அஞ்சுவண்ணத்தாரும் காவலராகக் குறிக்கப்படுகின்றனர். அதன்கண் சான்றாளர் பலர் அரபு எழுத்திலும், பாரசீகப் பஹ்லவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டுள்ளனர். இசுலாமியரும், சரத்துட்டிரர் முதலாய பாரசீகரும், யூதரும் ஒரே ஏட்டின்கீழ்த் தம் பெயர் எழுதி, இவ்வுடன்படிக்கைக்கு யாமும் சான்று என்றனர். ஒருவர் மொழியை ஒருவர் படிக்கவியலாத நிலையிலும், ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிய காட்சி இது.

இச்சங்கத்தார் சென்ற நாடுகளிலெல்லாம் தம் எழுத்தை விட்டுவந்தனர். தாய்லாந்து நாட்டுத் தகுவாபா என்னும் இடத்தே கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலமாக விடப்பட்டதையும் கூறுகின்றது. வேற்றுநாடு சென்றவர் முதலிற் செய்த அறம் குடிநீர்க்குளம் என்பது தமிழர்க்கு இயல்பேயாம். சுமத்திராவின் மேல்கரையிலுள்ள பாரூசு, கருப்பூரத்திற்குப் பெயர்பெற்ற துறை. இன்றும் அந்நாட்டார் மொழியிற் கருப்பூரத்திற்கு அத்துறையின் பெயரே அடைமொழியாக வழங்குகின்றது. ஆங்கு 1873-இல் வெளிப்பட்ட தமிழ்க் கல்வெட்டு கி.பி. 1088-இல் ஐந்நூற்றுவர் வெட்டுவித்தது. துறைக்கு வருங் கலத்தார் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன்னால் ஆயம் செலுத்துதல் வேண்டும் என அவர் விதித்தனர். அரசன் ஆணையன்று அது. தம்முள் தாமே கூடி வகுத்துக்கொண்ட கட்டளை.

தாய்நாட்டிலும் அவர் முறை அதுவே. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்றுண்டு. பல பட்டினத்து வணிகரும் கூடி, கோயிற் பணிக்காகத் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட பட்டணப்பகுடி என்னும் கொடையை அது விரிக்கின்றது. உப்பு, பாக்கு, மிளகு, இரும்பு, பருத்தி, நூல், புடவை முதலாகச் சந்தனம், அகில், பட்டு, குதிரை, யானை ஈறாகச் சரக்கின் பெயரும், அவ்வவற்றிற்கு இறுக்கவேண்டிய காசும் அதில் வரையப்பட்டுள்ளன. மகமை என்று நாம் இந்நாளில் வழங்குவது இதனின் வேறன்று. நம் வீடுகளிற் சங்கச் சந்தா கேட்டு வருவாரைக் கண்டு முகஞ்சுளிப்பார் சிலர், உப்பு வாணிகனும் யானை வாணிகனும் ஒரே கல்லிற் பெயர்பொறித்துத் தத்தமக்குரியதைக் கொடுத்த இச்செய்தியைச் சிந்திப்பாராக. சிறுகாசு பல சேர்ந்த இடத்தே கோயிலும் குளமும் கடல்வழியும் எழுந்தன.

இனி, தலைநகர் முடிவெய்திய வரலாற்றைக் கூறுவாம். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழர் அரியணை தாங்கிய கங்கைகொண்ட சோழபுரம், பாண்டியர் எழுச்சியின்முன் ஒளியிழந்தது. மூன்றாம் இராசேந்திரனோடு, கி.பி. 1279-ஐ ஒட்டிச் சோழர் ஆட்சி மறைந்தது. செயங்கொண்டாரும் ஒட்டக்கூத்தரும் பாடிய மாட வீதிகள் மண்மேடாயின. ஆனால், 1281-இல், அஃதாவது அரசு மறைந்து ஈராண்டே கழிந்தபின், குப்லாய்கான் ஆண்ட சீன நாட்டுச் சுவான்சௌ துறைமுகத்தே சம்பந்தப்பெருமாள் என்னும் தமிழர் சிவபெருமான் திருவுருவை எழுந்தருளுவித்துக் கல்வெட்டுப் பொறித்தார். சக ஆண்டு 1203 எனக் காலங்குறித்துத் தமிழெழுத்தில் அமைந்த அக்கல்வெட்டின் அடியிற் சீன எழுத்தும் காணப்படுகின்றது. காவிரிநாட்டிற் கொடி இறங்கிய பின்னும் சீனக்கரையில் தமிழ் வணிகர் விளக்கு அணையவில்லை. முதற்கண் யாம் கூறிய உண்மை இதனால் இனிது விளங்கும்.

தலைநகரின் அழிவு பகைவரோடு முடிந்ததோ எனின், இல்லை. அரண்மனைச் செங்கற்களைச் சுற்றுப்புறத்தார் நூற்றாண்டுகளாகப் பெயர்த்தெடுத்து வீடு கட்டினர். கி.பி. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபொழுது, கோயில் திருமதிலின் கருங்கற்கள் இடித்துக் கொண்டுபோகப்பட்டன. தடுக்க முயன்ற ஊரார் தண்டிக்கப்பட்டனர் என்றும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன சொல் காக்கப்படவில்லை என்றும் அந்நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட குறிப்பொன்று வருந்திக் கூறுகின்றது. அணை வயலுக்கு நீர் தந்தது மெய்யே. ஆயினும், அம்மதிற் கற்களில் எத்தனை வரிகள் எழுதப்பட்டிருந்தனவோ, அவை எவர் கொடையை, எவர் பெயரைத் தாங்கியிருந்தனவோ, அவற்றை மீட்டறிய இனி வழியில்லை. கல் போயிற்று, கல்லோடு சொல்லும் போயிற்று. ஆயினும், அன்று தண்டனைக்கஞ்சாது குறுக்கே நின்ற அவ்வெளிய ஊராரை நாம் வணங்குகின்றேம். அவர்க்கு அக்கல்லைப் படிக்கத் தெரிந்திருந்ததோ இல்லையோ, அது தம்முடையது என்பது தெரிந்திருந்தது.

ஆகவே, அன்பர்களே, இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? சோழர் பெருமையை மேடையிற் பேசுதல் எளிது. சோழர் காலத்து எழுத்தொன்றைக் காத்தல் அரிது. திருப்பணி என்னும் பெயரால் எழுத்துள்ள கல்லின்மேற் சுண்ணம் பூசுதலும், அதனைப் பெயர்த்துப் படிக்கல்லாக இடுதலும் நம் கண்முன்னே நடக்கின்றன. தத்தம் ஊர்க்கோயிலில் அவ்வாறு நிகழாமற் காத்தல் அவ்வவ்வூர் அன்பர் கடனாம். பிள்ளைகளைக் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அழைத்துச்செல்வோர், விமானத்தை அண்ணாந்து காட்டுவதோடு அமையாது, அதன் அடியிலுள்ள எழுத்துக்களையும் குனிந்து காட்டுவாராக.

மற்றொன்றும் கூறி இதனை முடிப்பாம். நம்முள் எத்துணையோ குடும்பத்தார் பாட்டன் பூட்டன் காலத்தில் இரங்கூனுக்கும் பினாங்கிற்கும் கொழும்பிற்கும் சென்று பொருளீட்டியவர். அவர் எழுதிய கணக்கேடுகளும், அவர்க்கு வந்த கடிதங்களும், அவர் சேர்ந்து நடத்திய தருமக் கணக்குகளும் பரணிற் கிடக்கின்றன. ஆண்டுதோறும் போகிப்பண்டிகையில் அவற்றுட் சில நெருப்புக்கு இரையாகின்றன. ஐந்நூற்றுவர் கல்லிற் பொறித்தமையால், பாரூசுத் துறையில் ஆயம் வாங்கிய செய்தியையும் ஆயிரம் ஆண்டுக்குப் பின் நாம் படிக்கின்றேம். நம் பாட்டன் கடல்கடந்து பட்ட பாடு நூறாண்டிற்குள் சாம்பலாதல் தகுமோ? வருகின்ற போகிக்கு முன்னரே பரணேறி அவ்வேடுகளை இறக்கித் தூசி தட்டி, வீட்டுப் பெரியோரை அருகிருத்தி, இஃது இன்னார் கையெழுத்து, இஃது இன்ன ஆண்டுக் கணக்கு என ஒவ்வொன்றின்மேலும் குறித்துவைப்பீராக.